குனிந்த தலை: ஆசானை விட்டு விலகி வந்து நான் வார்த்த முதல் வெண்கலச் சிலையின் கணக்கு

பதினொரு ஆண்டுகள் ஒரே ஆசானிடம் வேலை பார்த்துவிட்டு, ஒரே இரவில் அவருடைய பட்டறையிலிருந்து வெளியேறி, யாருடைய துணையும் இல்லாமல் ஒரு வெண்கலத் தலையை வார்த்து முடிக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அந்தப் பதினான்கு மாதங்களில் கையிலிருந்த பணம் போனது, அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, வலது புறங்காலில் ஒரு தழும்பு நிலைத்துவிட்டது. இவற்றில் பெரும்பகுதியை, முன்னால் சென்ற ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆசானை விட்டுத் தனியாகப் போகும் எண்ணத்தோடு இன்று ஏதேனும் ஒரு பட்டறையில் மெழுகு பிடித்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களுக்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் பிறந்தது அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு சிற்றூர். அப்பா நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா பீடி சுற்றித்தான் என்னையும் தங்கையையும் வளர்த்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட என்னை, சாமி விக்கிரகங்கள் வார்க்கும் ஒரு பட்டறையில் மாமா கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆசான் பெரிய கைகாரர். தென்னை ஓலையை மடித்து மடித்து அளவு குறிக்கும் ஒடியோலையை அவர் கையில் எடுத்தால், ஒரு சாண் உயர முருகனுக்கும் மூன்றடி உயர நடராசருக்கும் முக அளவு பிசகாது. நவதாலம் என்ற சிலை அளவில் உருவம் முழுவதும் நூற்றெட்டு அங்குலம் (இந்த அங்குலம் இஞ்சு அல்ல, உருவத்தின் உயரத்தைப் பகுத்த பங்கு), அதில் முகம் பன்னிரண்டு அங்குலம், அந்த முகத்தில் நெற்றிக்கு நான்கு, மூக்குக்கு நான்கு, மூக்கடி முதல் மோவாய் வரை நான்கு என்று அவர் வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுத்தது இன்றும் என் விரல்களில் இருக்கிறது. தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் எந்த வெயிலுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதும் அவர் தந்ததுதான். நான் அவரிடமிருந்து பிரிந்தவன். ஆனாலும் அவரிடம் கற்றதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது.

மெழுகில் உருவம் பிடித்து, அதன் மேல் மண் பூசிக் கூடாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதான் எங்கள் வார்ப்பு முறை. ஆனால் அந்தப் பட்டறையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. நான் மெழுகுப் பலகைக்காரன். மண் பூசுவது வேறொருவர். உலைக்களத்தில் உலோகம் உருக்கும் பாத்திரமான மூசையைத் தூக்கி ஊற்றுவது ஆசானும் அவருடைய மகனும். வார்ப்பு நாளில் நான் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேனே தவிர, இடுக்கியைத் தொட்டதில்லை. பதினொரு ஆண்டுகள் ஒரு பட்டறையில் இருந்தவனுக்கு அந்தத் தொழில் முழுவதும் தெரியும் என்று ஊரார் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். தனியாகப் போக வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் முளைத்த அன்றே, உங்கள் பட்டறையில் நீங்கள் தொடாத வேலைகள் எவையெவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த வேலைகளைச் செய்பவர்களிடம் விடுமுறை நாளில் கூலி வாங்காமல் கைவேலை பார்த்தாவது கற்றுக்கொள்ளுங்கள். வெளியே வந்த பிறகு அதைக் கற்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை மிகப் பெரியது.

பிரிவுக்குக் காரணமாக இருந்தது என் அம்மாவின் தலை. முப்பது ஆண்டுகளாக மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி இலையைச் சுற்றிச் சுற்றி, அம்மாவின் கழுத்து நிமிர்ந்து நிற்பதையே மறந்துவிட்டது. பேசும்போதும் தலை சற்றுத் தாழ்ந்தேதான் இருக்கும். கண்கள் மட்டும் மேலே பார்க்கும். பிடரியில் இரண்டு எலும்பு முடிச்சுகள் தெரியும். இந்தத் தலையை வெண்கலத்தில் செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக இருந்தது. ஒரு நாள் ஆசானிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஏல, நம்ம கையில வார சாமி எதுவும் தல குனியாதுல. குனிஞ்ச தலைக்கு ஏது அளவு?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் அத்தை மகன், விடுமுறைக்கு வந்தபோது ஒரு படத்தைக் காட்டினான். பிரான்சு நாட்டுச் சிற்பி பூர்தெல் செய்த, கிரேக்கக் கடவுள் அப்போலோவின் தலை. 1861இல் மோந்தோபான் என்ற ஊரில் மரவேலைத் தச்சரின் மகனாகப் பிறந்த பூர்தெல், 1893இல் புகழ்பெற்ற சிற்பி ரோதானின் பட்டறையில் சேர்ந்து, அவருக்காகப் பளிங்கு செதுக்கிக் கொடுக்கும் வேலையைப் பதினைந்து ஆண்டுகள் செய்தவர். ரோதானின் உருவங்களில் தசை அலைபோலத் துடிக்கும்; ஒளி அந்த மேடுபள்ளங்களில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த அப்போலோவின் முகமோ தளம் தளமாக, கட்டிடம் எழுப்பியதுபோல இறுகி நிற்கிறது. மேற்பரப்பின் சொரசொரப்பை அவர் இழைத்து மறைக்கவில்லை. தம் ஆசானிடமிருந்து தாம் விலகிய இடம் இந்தத் தலைதான் என்று பூர்தெலே கருதினார் என்று அத்தை மகன் சொன்னபோது, எனக்கு உடல் சிலிர்த்தது. கடல் கடந்த ஒரு நாட்டில், ஒரு நூற்றாண்டுக்கு முன்னால், என்னைப் போலவே இன்னொருவருடைய உருவங்களைச் செதுக்கிக் கொடுத்த ஒரு கூலிக்காரர், தம் சொந்த முகத்தைத் தேடியிருக்கிறார்.

ஆனால் அந்தப் படத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொண்டேன். பூர்தெல் அந்தத் தலையை 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி, 1909இல்தான் முடித்தார். ரோதானின் பட்டறையை விட்டு அவர் விலகியது 1908இல். அதாவது, பிரிவைக் குறிக்கும் சிலையைத் தொடங்கிய பிறகும் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அவர் அதே ஆசானிடம் வேலை பார்த்து, வீட்டுச் செலவை நடத்திக்கொண்டே, தம் வழியைத் தேடியிருக்கிறார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பிரிவு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

2022ஆம் ஆண்டு ஆடி மாதம், பட்டறையில் எல்லாரும் போன பிறகு இரவுகளில் அம்மாவின் தலையை மெழுகில் பிடிக்கத் தொடங்கினேன். மெழுகு ஆசானுடையது, இடம் ஆசானுடையது, விளக்கெரிந்த மின்சாரமும் அவருடையது. இருபத்திரண்டாம் இரவு முடிந்து காலையில் நான் வந்தபோது, மூலையில் ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்த தலை அங்கே இல்லை. அடுப்பின் மேலிருந்த மெழுகுச் சட்டியில், பாதி உருகிய நிலையில், மோவாய் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. ஆசான் அகப்பையால் அதை அமுக்கிக்கொண்டே, "மெழுகு கிலோ என்ன விலை விக்குது தெரியுமால?" என்றார். அவர் மேல் எனக்கு அன்று எழுந்த சினம் ஆறுவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: அது அவருடைய மெழுகு. சொந்தமாக ஒரு உருவம் செய்கிறீர்கள் என்றால், அதன் ஒவ்வொரு துளியும் உங்கள் காசில் வாங்கியதாக இருக்கட்டும். வீட்டுத் திண்ணையிலோ மாட்டுத் தொழுவத்திலோ, உங்களுக்கு உரிமையுள்ள இடத்தில் செய்யுங்கள். இல்லையென்றால் அந்த உருவத்தை அழிக்கும் உரிமையும் இன்னொருவரிடம் இருக்கும்.

நான் ஒரு வார்த்தையும் பேசாமல் என் உளிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்போது எனக்கு வரவேண்டிய கூலிப் பாக்கி 64,000 ரூபாய். கோயில் வேலை முடிந்து பணம் வந்ததும் தருகிறேன் என்று மூன்று ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பாக்கி அது. ஒரு சீட்டில்கூட எழுதி வாங்கியதில்லை. ஆசானிடம் கணக்குக் கேட்பது மரியாதை இல்லை என்று எண்ணியிருந்தேன். பிறகு இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டும் பதில் வரவில்லை. மாதம் பிறந்ததும் ஒரு நோட்டில் நாள் கணக்கையும் பாக்கியையும் எழுதி, அவர் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்வது மரியாதைக் குறைவு ஆகாது. உறவு நன்றாக இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். பிணக்கு வந்த பிறகு அந்த நோட்டை நீட்ட முடியாது.

சேரன்மகாதேவிப் பக்கம், வாய்க்கால் கரையோரம், ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகையை மாதம் 3,000 ரூபாய் வாடகைக்குப் பிடித்தேன். உலை, காற்றூதி, மூசை, இடுக்கி எல்லாவற்றுக்கும் 38,000 ரூபாய் ஆனது. தலையை மறுபடியும் மெழுகில் பிடித்தேன். இம்முறை அம்மாவையே எதிரில் உட்கார வைத்துக்கொண்டேன். "என்னயப் போயி வெங்கலத்துல வாக்கணுமாய்யா?" என்று கேட்டுக்கொண்டே, முறத்தை மடியில் வைத்து வேலையைத் தொடர்ந்தார்.

இங்கேதான் என் அறியாமை என் முன்னால் வந்து நின்றது. எங்கள் பட்டறையில் வார்த்த விக்கிரகங்கள் எல்லாம் உள்ளே கெட்டியாக இருக்கும் கன வார்ப்புகள். அம்மாவின் தலையை நான் உண்மை அளவைக் காட்டிலும் சற்றுப் பெரிதாக, கழுத்தும் தோளின் தொடக்கமும் சேர்த்துச் செய்திருந்தேன். அதைக் கெட்டியாக வார்த்தால் நூறு கிலோவைத் தாண்டும். அவ்வளவு பெரிய கட்டி ஆறும்போது சுருங்கி, முகம் உள்வாங்கிவிடும். ஆகவே உள்ளே மண் வைத்து, அதன் மேல் அரை விரல் கனத்துக்கு மெழுகு பிடித்து, பொள்ளலாகத்தான் வார்க்க வேண்டும். இது எனக்குப் பார்த்துத் தெரியும், செய்து தெரியாது. மெழுகு உருகி வெளியேறிய பிறகு, உள்ளிருக்கும் மண்ணை எது தாங்கிப் பிடித்திருக்கும் என்ற கேள்வியே எனக்கு எழவில்லை.

ஐப்பசி மழை பிடித்துவிட்டது. மண்கூடு காயவில்லை. நாளுக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருந்ததால், வெளிப்புறம் காய்ந்ததைப் பார்த்து உள்ளேயும் காய்ந்திருக்கும் என்று நம்பிக்கொண்டேன். செம்பு விலை அதிகம் என்பதால் பழைய செம்புக் கம்பியோடு, காயலான் கடையில் வாங்கிய பித்தளைக் குழாய்களையும் சேர்த்து 25 கிலோ, 16,000 ரூபாய்க்கு எடுத்தேன். உதவிக்குப் பக்கத்து வயலில் வேலை செய்த ஒரு பையன் மட்டும் வந்தான். குழாய்கள் உருகத் தொடங்கியதும் மூசையிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை எழுந்து கூரையில் பஞ்சுபோலப் படிந்தது. செம்பு உருகுவது 1085 பாகைச் சூட்டில். பித்தளையிலுள்ள துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகையைத்தான் நான் அரை மணி நேரம் சுவாசித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. ஊற்றியபோது, ஈரமிருந்த மண்கூட்டின் வாய் குமுறியது. உலோகம் பொங்கித் துப்பியது. ஒரு துளி என் ரப்பர்ச் செருப்பின் வாரை உருக்கிக்கொண்டு புறங்காலில் இறங்கியது. அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் கண்டு, வாயெல்லாம் இரும்பு நக்கியதுபோல ஒரு சுவை. அம்மா மலேரியா என்று நினைத்து அழுதார். துத்தநாகப் புகையால் வரும் காய்ச்சல் இது என்று மருத்துவர்தான் சொன்னார். இரண்டு நாளில் அது தணிந்தது. கால் புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது.

மூன்றாம் நாள், நொண்டிக்கொண்டே போய் மண்ணை உடைத்தேன். வலது கன்னம் நன்றாக வந்திருந்தது. திருப்பிப் பார்த்தால், இடது நெற்றிப்பொட்டிலிருந்து காது வரை உலோகமே இல்லை. உள்மண் அந்தப் பக்கமாகச் சாய்ந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. பிடரியில் இரண்டு மடங்கு கனம் ஏறி, நீளமாக வெடித்திருந்தது. நெற்றி முழுவதும் குளவிக்கூடு போலத் துளைகள். அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஆசானிடம் திரும்பிப் போய்க் காலில் விழுந்துவிடலாமா என்ற நினைப்பு அன்று வந்ததை மறைக்க விரும்பவில்லை. போகவில்லை. அதற்குக் காரணம் வீரம் இல்லை. நடக்க முடியாத கால்தான்.

கால் ஆறியதும், வெண்கல விளக்குகளுக்குப் பேர்பெற்ற வாகைக்குளத்துக்கு, அந்த உடைந்த தலையையும் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே மணியும் உருளியும் வார்த்துப் பழகிய முதியவர் ஒருவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆணி எங்கப்பா அடிச்ச?" என்று கேட்டார். "என்ன ஆணி அண்ணாச்சி?" என்றேன். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் ஆறு மாதத்தையும் அவ்வளவு பணத்தையும் கொடுத்திருந்தேன். மெழுகு உருவத்தின் மேலிருந்து உள்மண் வரை இறங்கும்படி இரும்பு ஆணிகளைச் செருகி, அவற்றின் கொண்டைகள் வெளிமண்ணில் பதியும்படி விட வேண்டும். மெழுகு ஓடிய பிறகு அந்த ஆணிகளே உள்மண்ணை நகராமல் பிடித்துக்கொள்ளும். பிறகு அவற்றைப் பிடுங்கி, துளையில் அதே வெண்கலத்தை அறைந்து அடைத்து அரத்தால் தேய்த்துவிடலாம். மனித தலை அளவுக்குப் பன்னிரண்டு ஆணிகளாவது வேண்டும் என்றார். விக்கிரகப் பட்டறையில் பதினொரு ஆண்டுகள் இருந்த எனக்குத் தெரியாத ஒன்று, மணி வார்ப்பவருக்கு அரிச்சுவடி. உங்கள் பட்டறைக்குத் தேவைப்படாத அறிவு பக்கத்துத் தொழில்காரரிடம் இருக்கும். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

அவரிடம் இரண்டு மாதம் கைவேலை பார்த்துவிட்டு, 2023 பங்குனி வெயிலில் இரண்டாம் வார்ப்பை வைத்துக்கொண்டேன். இம்முறை செய்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உருவத்தோடு உலோகம் ஓடும் வாய்க்கால்களையும் காற்றுப் போக்கிகளையும் சேர்த்து மெழுகை நிறுத்தேன்: 2 கிலோ 400 கிராம். மெழுகின் எடையைப் போல் வெண்கலம் ஒன்பது மடங்கு என்று கொண்டு, கழிவுக்கும் சேர்த்து 25 கிலோ எடுத்தேன். பத்துப் பங்கில் ஒன்பது பங்கு நல்ல செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். காயலான் கடைப் பக்கம் தலைவைக்கவில்லை. முதல் பூச்சுக்குத் தாமிரபரணி வண்டலை உமிக்கரியோடும் பஞ்சோடும் சேர்த்து அம்மியில் அரைத்து, சந்தனம்போல மெல்லப் பூசினேன். பிடரி எலும்பின் முடிச்சும், காதோரம் பறக்கும் மயிரும் அந்த முதல் பூச்சில்தான் பதியும். அது நிழலில் காய்ந்த பிறகு மணல் கலந்த மண், அதன் மேல் கம்பிக்கட்டு, மீண்டும் மண். மெழுகை உருக்கி எடுத்த பிறகு, வாய் உள்ளே சிவந்து தெரியும் வரை எரித்தேன். பெரியவர் ஒரு கண்ணாடித் துண்டை வாய்க்கு நேரே ஒரு நொடி பிடித்துக் காட்டினார்; ஆவி படிந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். மூன்று முறை பார்த்து, மூன்றாம் முறை கண்ணாடி தெளிவாக இருந்த பிறகே, கூட்டைச் சூடு ஆறுவதற்குள் குழியில் புதைத்து ஊற்றினோம். தோல் செருப்பு, முழங்கால் வரை சாக்குக் கட்டு, காலடியில் உலர்ந்த மணல், கூரை நீக்கிய திறந்த வெளி, இடுக்கி பிடிக்க இருவர், கசடு தள்ள ஒருவர். நிற்காமல், ஒரே நீரோட்டமாக உலோகம் இறங்கியது. காற்றுப் போக்கிகளின் வழியே அது மேலேறி மின்னியபோது, பெரியவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

தலை முழுதாக வந்தது. ஆணிகளைப் பிடுங்கி அடைக்கவும், செதுக்கித் துலக்கவும் ஆவணி கடைசி வரை ஆனது. முகத்தை இழைத்து மினுக்க மனம் வரவில்லை. நெற்றியையும் கன்னத்தையும் சீவுளி பட்ட தடத்தோடு விட்டேன். குனிந்த தலைக்கு ஏது அளவு என்று ஆசான் கேட்டாரே, அதற்கு எனக்கு ஒரு பதில் இந்த நாட்களில் கிடைத்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், அலெக்சாண்டர் ரீ 1899 முதல் நடத்திய அகழாய்வில் ஆதிச்சநல்லூரில் எடுத்த வெண்கலச் சாமான்களைப் பார்த்தேன். மூடிகளின் மேல் வளைந்த கொம்போடு எருமைகள் நிற்கின்றன. நம் பொருநைக் கரையில், சிலைகளுக்கு அளவு வகுக்கும் தாலமானம் எழுதப்படுவதற்கு வெகு முன்னால், தன் கண்ணால் கண்ட எருமையின் அளவையே அளவாகக் கொண்டு ஒருவர் மெழுகு பிடித்திருக்கிறார். அம்மாவின் கழுத்துக்கும் அம்மாவின் கழுத்துதான் அளவு.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கொட்டகை வாடகை 42,000, உலைச் சாமான்கள் 38,000, முதல் உலோகம் 16,000, இரண்டாம் உலோகம் 26,000, மெழுகு, கரி, கம்பி 14,000, ஆள்கூலி 11,000, மருந்து 6,000, நகை வட்டி 9,000. உடைந்த தலையைக் காயலான் கடையில் போட்டதில் திரும்பி வந்தது 9,000. ஆக, கைவிட்டுப் போனது 1,53,000 ரூபாய். வராத கூலியையும் சேர்த்தால் 2,17,000. ஓராண்டு வீட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள். அப்போது எனக்கு அடகுக் கடை ஒன்றுதான் தெரியும். இப்போது தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில், 35 வயதைக் கடந்த கைவினைஞர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, உச்சமாக 50,000 ரூபாய், மானியமும் கிடைக்கிறது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துவிட்டு அடகுக் கடைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். ஆசானின் வாடிக்கைக்காரர்களைத் தேடிப் போகாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் ஒருவரிடம் போனேன். வேலை கிடைக்கவில்லை, பெயர்தான் கெட்டது.

தை மாதம் ஆசானே சொல்லி அனுப்பினார், அந்தத் தலையைப் பார்க்க வேண்டும் என்று. லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பட்டறை வாசலில் இறக்கினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, முகத்தைப் பார்க்காமல், நேரே பின்னால் போனார். கட்டை விரலைப் பிடரியில் வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றி, காது மடலைச் சுற்றி, பொட்டுக்குக் கொண்டுவந்தார். ஆணி அடைத்த இடத்தைத்தான் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அகப்படவில்லை. "மெழுகு எவ்வளவுல புடிச்சிச்சு?" என்றார். "ரெண்டு கிலோ நானூறு ஆசான்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, முன்னால் வந்து அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்ப்பதற்கு அவரும் குனிய வேண்டியிருந்தது. பிறகு உள்ளே போய், பாதியில் விட்டிருந்த ஒடியோலையைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் தலையைச் சாக்கில் சுற்றி மறுபடியும் ஆட்டோவில் ஏற்றினேன். பாக்கிக் கூலியைப் பற்றி அன்றும் பேச்சு வரவில்லை.